அப்பாவைச் சேர்க்காத குழு

நான் (காலை 6:50): அனைவருக்கும் வணக்கம். நம் பழைய குடும்பக் குழுவில் அப்பாவும் இருக்கிறார் என்பதால், அவரைப் பற்றி அங்கே பேச மனமில்லாமல் இந்தத் தனிக் குழுவைத் தொடங்கியிருக்கிறேன். கல்லீரல் சுருக்கம் என்று தெரிந்து 14 மாதங்கள் ஆகின்றன. வயிற்றில் கோத்திருந்த நீர் மாத்திரையிலேயே வடிந்துவிட்டது, கடைசி ஸ்கேனும் மோசமில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் அப்பா இரண்டு மாதங்களாக வாசற்படியைத் தாண்டவில்லை. நூலகத்துக்குப் போவதில்லை, நாளிதழைப் பிரிப்பதில்லை, பேரன் அழைத்தாலும் போனை எடுப்பதில்லை. நேற்று இரவு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, 'நான் இருப்பதால் உங்களுக்குச் செலவைத் தவிர வேறு என்ன இருக்கிறது' என்று அம்மாவிடம் கேட்டாராம்.

சித்தப்பா (காலை 7:15): அண்ணன் சிறு வயதிலிருந்தே மனத்தெம்பு உள்ளவர். நீண்ட நாள் நோயாளி சற்று ஓய்ந்துதான் இருப்பார். அதற்கு மனச்சோர்வு என்று பெயர் வைத்து நாமே பெரிதாக்க வேண்டாம். காலையில் எழுப்பி நடக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினால் சரியாகிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அத்தை (காலை 7:22): அண்ணா இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார் என்று அண்ணி சொன்னார். தூக்கம் கெட்டால் மனமும் கெடத்தான் செய்யும். உங்கள் மாமாவுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை எங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டு நாள் அரை மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?

அக்கா (காலை 7:24): அத்தை, தயவுசெய்து அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நான் வேலை பார்க்கும் வார்டில், யாரோ அன்போடு கொடுத்த ஒரு தூக்க மாத்திரையால் நினைவு தப்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுருங்கிய ஈரலால் அந்த மருந்தைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. ஏற்கெனவே தடுமாறும் மூளையை அது மேலும் அமுக்கிவிடும். தங்கையிடம் சில விஷயங்கள் கேட்க வேண்டும். அப்பா பகலில் தூங்குகிறாரா? கையெழுத்து மாறியிருக்கிறதா? கைகளை முன்னே நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று மடங்கி அடிக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழிக்கிறார்?

நான் (காலை 8:05): கை அடிக்கவில்லை. இன்றைய கிழமையையும் தேதியையும் சரியாகச் சொன்னார். பகலில் இரண்டு மணி நேரம் தூங்குகிறார். கையெழுத்து கொஞ்சம் கோணியிருப்பது போல் எனக்குப் படுகிறது. மலம் ஒரு நாளைக்கு ஒரு முறை, சில நாள் அதுவும் இல்லை. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பை அவராகவே பாதியாகக் குறைத்துக்கொண்டார் என்பது இப்போது கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு முறை நூலகத்திலிருந்து வீடு திரும்புவதற்குள் அடக்க முடியாமல் போய்விட்டதாம். அன்றிலிருந்துதான் வெளியே போவதையும் நிறுத்தினார், சிரப்பையும் குறைத்தார். இதை என்னிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்கா (காலை 8:20): பாவம் அப்பா. இதை இத்தனை நாள் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாரே. சிரப்பை இன்றே பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இளக்கமாக இரண்டு மூன்று முறை போனால்தான் குடலில் உண்டாகும் அம்மோனியா உடம்பில் சேராது. பங்குனியில் நம் பெயர்களையே மாற்றிச் சொல்லி மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாரே, அது அம்மோனியா போன்ற நச்சுகள் மூளையை எட்டியதால்தான். அதன் லேசான வடிவம் வெளியே தெரியாது: மந்தம், மறதி, இரவு பகல் மாறிய தூக்கம், எதிலும் நாட்டமின்மை என்று அப்படியே மனச்சோர்வு போலவே இருக்கும். அதனால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அப்பாவுக்கு இருப்பது அது மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. இந்த நோயில் இரண்டும் சேர்ந்தே வருவது மிகவும் சாதாரணம். டியூட்டி முடிந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

தம்பி (காலை 10:40): இப்போதுதான் படித்தேன். எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் அப்பாவிடம், தேவைப்பட்டால் என் ஈரலில் ஒரு பகுதியைத் தருகிறேன், வெட்டிய ஈரல் சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன். தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஐந்து நிமிடம் கூடப் பேசவில்லை.

அத்தை (காலை 11:02): தம்பி, நீ தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அண்ணாவின் மனம் எனக்குத் தெரியும். தன் பிள்ளையைக் கத்தியின் கீழ் படுக்க வைப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. வைகாசியில் நடந்த கல்யாணத்தில் பந்தியில் அமர்ந்திருந்தபோது, பக்கத்து இலைக்காரர் அண்ணாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, 'எந்த வயதில் பழகினீர்கள்?' என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர் அண்ணா. பதில் சொல்லாமல், பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா (மாலை 4:30): அத்தை, நீங்கள் இதை எழுதியது நல்லதாயிற்று. அப்பாவின் நோய் 20 ஆண்டு சர்க்கரையாலும் ஈரலில் படிந்த கொழுப்பாலும் வந்தது. அந்த நோயின் ஆங்கிலப் பெயரையே 2023இல் உலகளவில் மாற்றினார்கள்; மதுவையும் கொழுப்பையும் சுட்டும் சொற்கள் நோயாளிகளைக் கூச வைக்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம். அதே நேரம், குடித்து ஈரல் கெட்டவரும் எங்கள் வார்டில் இதே போலத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், அவருக்கும் இதே பரிவு வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சித்தப்பா, கண்டித்தால் சரியாகும் என்று எழுதியிருந்தீர்கள். மனச்சோர்வைக் கண்டறிய, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்பார்கள். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் போனால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். அவற்றில் களைப்பு, தூக்கம், பசி ஆகிய மூன்றும் ஈரல் நோயாலேயே வரக்கூடியவை என்பதால், அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மற்றவைதான் என்னைக் கலங்க வைக்கின்றன. பிடித்ததில் நாட்டம் போய்விட்டது, தன்னைப் பாரம் என்று நினைக்கிறார், குற்ற உணர்வு கொள்கிறார். இவை கண்டிப்பில் தீராது. தான் பாரம்தான் என்று அவர் நினைப்பதை நாமே உறுதி செய்தது போலாகிவிடும். இந்தச் சோர்வு தானாக இருந்துவிட்டுப் போகும் ஒன்றும் அல்ல. மனம் விட்டவர் மாத்திரையைத் தவறவிடுவார், சாப்பாட்டைக் குறைப்பார், உடம்பில் தசை கரையும், பிறகு ஈரலும் இன்னும் மோசமாகும்.

மருந்து உண்டு, ஆனால் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. மனச்சோர்வு மருந்துகளில் சில ஈரல் நோயாளிக்கு ஆகவே ஆகாது. ஆகக்கூடியவற்றையும் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். அவற்றில் பல, இரத்தக் கசிவை லேசாகக் கூட்டக்கூடியவை. அப்பாவுக்கு உணவுக்குழாயில் இரத்த நாளம் புடைத்திருக்கிறது என்று எண்டோஸ்கோப்பியில் வந்திருக்கிறதல்லவா, அதனால் மனநல மருத்துவரும் ஈரல் மருத்துவரும் கலந்து பேசித்தான் எழுத வேண்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். மருந்தோடு பேச்சு சிகிச்சையும் உண்டு.

சித்தப்பா (மாலை 5:10): முழுவதும் இரண்டு முறை படித்தேன். காலையில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 31 ஆண்டுகள் பள்ளியில் பிள்ளைகளைக் கண்டித்த பழக்கம் அப்படி எழுத வைத்துவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல், மகளே.

அக்கா (மாலை 5:18): இன்றைக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும், சித்தப்பா. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று அப்பாவிடம் நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்டால் மனிதருக்குப் பாரம் இறங்குகிறது என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் ஆம் என்று சொன்னால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். இரவில் யோசனை கேட்க 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். மாத்திரைப் பெட்டி இன்றிலிருந்து தங்கையின் பொறுப்பில் இருக்கட்டும்.

நான் (இரவு 8:55): கேட்டேன். திண்ணையில் விளக்கைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, 'சாக வேண்டும் என்று நினைக்கவில்லை அம்மா, காலையில் விழிக்காமல் இருந்தால் நல்லது என்று சில நாள் தோன்றும்' என்றார். தம்பியைப் பற்றியும் சொன்னார்: 'அவன் வயிற்றைக் கிழித்து நான் வாழ்ந்து என்ன செய்யப் போகிறேன்.' மாற்று ஈரல் பற்றி மருத்துவர் இதுவரை பேச்சே எடுக்கவில்லை அப்பா, இப்போது அதற்குத் தேவையும் வரவில்லை என்று சொன்னேன். அப்படியா என்று இரண்டு முறை கேட்டார். மருத்துவரிடம் போகச் சம்மதித்திருக்கிறார். பைத்தியத்துக்கு மருந்தா என்று மட்டும் கேட்டார்.

அக்கா (இரவு 9:01): விழிக்காமல் இருந்தால் நல்லது என்ற நினைப்பையும் சாதாரணமாக விடக் கூடாது. நாளைக் காலையே அவருடைய ஈரல் மருத்துவரை அழைத்துப் பேசுகிறேன். நாளையோ மறுநாளோ இரு மருத்துவரையும் ஒரே நாளில் பார்க்க ஏற்பாடு செய்கிறேன். இன்றிரவு அவரைத் தனி அறையில் படுக்க விடாதே.

தம்பி (இரவு 9:06): நாளை அப்பாவை அழைத்து ஈரலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பேரனின் பள்ளிக்கூடக் கதையை மட்டும் சொல்கிறேன்.

சித்தப்பா (இரவு 9:10): நான் காரோடு வருகிறேன். வழியில் கழிப்பறை உள்ள இடங்களில் நிறுத்திக்கொண்டே போகலாம் என்று அண்ணனிடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கவலை அவருக்கு வேண்டாம்.

அம்மா (இரவு 9:40): எல்லாம் படித்தேன். உப்பு போடாமல் தனியாகச் சமைத்துத் தட்டில் வைக்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் ஒரு இரவு முழுதாகத் தூங்கி நான்கு மாதம் ஆகிறது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அத்தை (இரவு 9:42): அண்ணி, நாளைக் காலை முதல் பேருந்தில் கிளம்பி வருகிறேன். பத்து நாள் இருப்பேன். இரவில் அண்ணாவின் பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒரே உலையில் உப்புக் குறைவாகவே சமைப்போம். வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

அம்மா (இரவு 9:50): வாருங்கள். கதவைத் தாழ் போடாமல் வைக்கிறேன்.