கேலக்ஸி 500-இன் 'டக்போட்': இரண்டு கார்டு பாட்டுக்கு இவ்வளவு உருகல் தேவையா?

நள்ளிரவு ரேடியோ:
இந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே பாட்டுதான். கேலக்ஸி 500 என்று பாஸ்டன் பக்கத்து ராக் குழு, 1988இல் வெளியிட்ட 'டக்போட்' (இழுவைப் படகு). குழுவில் மூன்றே பேர். டீன் வேர்ஹாம் கிட்டார் வாசித்துப் பாடுவார், நவோமி யாங் பேஸ் கிட்டார், டேமன் க்ருகோவ்ஸ்கி டிரம்ஸ். மூன்று ஆல்பம் போட்டார்கள், 1991இல் பிரிந்துவிட்டார்கள். ஊரே முணுமுணுத்த பாட்டு என்று ஒன்றும் கிடையாது. யாருக்கும் தெரியாத குழு, நானாகக் கண்டெடுத்தேன்.

பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்றால் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு கார்டுக்குள்ளேயே (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுற்றுகிறது. உன் விருந்தில் இருக்கப் பிடிக்கவில்லை, உன் நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை, உன் ஜனாதிபதிக்கு ஓட்டும் போடமாட்டேன், உன் இழுவைப் படகுக்குக் கேப்டனாக இருந்தால் போதும் என்கிறான். காதல் என்ற சொல்லைப் பக்கத்திலேயே விடாமல் ஒரு காதல் பாட்டு. அதைச் சொல்லும்போது குரல் மேலே போய் உடையப் பார்க்கிறது, அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

என் கட்சி இதுதான்: இன்னும் ஒரு கார்டு சேர்த்திருந்தால் இந்தப் பாட்டு கெட்டிருக்கும். எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளுகிறவனுக்கு இசையும் நகராமல் நிற்பதுதான் பொருத்தம். மறுப்பவர்கள் வரலாம்.

சுருதிப்பெட்டி:
வந்துவிட்டேன். கேட்டும் பார்த்தேன். பாடகர் மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார், சுருதி நிற்கவில்லை. டிரம்மர் சிம்பலை (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டை) தடவிக்கொண்டே இருக்கிறார், தாளம் எப்போது உட்காரும் என்று காத்திருந்தே பாட்டு முடிந்துவிட்டது. பேஸ் வாசிப்பவர் இந்தக் குழுவுக்காகத்தான் பேஸையே கற்றாராம். டிரம்ஸ் கூட இரவல்! ஹார்வர்டில் கூடப் படித்த கானன் ஓ'பிரையனிடம் வாங்கியது, ஆமாம், பிற்பாடு டிவியில் புகழ் பெற்ற அதே ஓ'பிரையன்.

வாசிக்கத் தெரியாததற்கு 'எளிமை' என்று பெயர் வைத்துவிட்டால் அது கலையாகிவிடுமா? எளிமை என்பது நிறையத் தெரிந்தவன் வேண்டாததை விடுவது. விடுவதற்குக் கையில் முதலில் ஏதாவது இருக்க வேண்டும்.

பேஸ்காரன்:
பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி இல்லை. இரண்டு கார்டில் கேட்கச் சகிக்காத பாட்டு ஆயிரம் இருக்கிறது. ஆகவே கார்டு குறைவு என்பதே பெருமை ஆகாது. நள்ளிரவு ரேடியோ, உங்கள் வாதம் அங்கே கொஞ்சம் வழுக்குகிறது.

ஆனால் பேஸை மட்டும் தனியாகக் கேளுங்கள். வழக்கமாக ராக்கில் பேஸ் கீழே அடித்தளம் போடும், மெட்டு கிட்டாரில் இருக்கும். இங்கே தலைகீழ். வேர்ஹாம் ஒரே சீராகக் கிட்டாரை உரசிக்கொண்டு நிற்கிறார், நவோமி பேஸின் மேல் நரம்புப் பக்கம் ஏறி மெட்டு பாடுகிறார். குரலுக்குப் பதில் சொல்கிற இரண்டாவது குரல் அதுதான். முறைப்படி கற்ற பேஸ் கலைஞர் அந்த இடத்தில் மூல ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பார். இவருக்கு அந்தப் பழக்கம் இல்லாததே லாபமாகப் போனது.

டிரம்ஸும் அப்படித்தான். அவர் தாளம் எண்ணவில்லை, பாட்டு எப்போது வீங்க வேண்டும், எப்போது வடிய வேண்டும் என்று பார்த்து அடிக்கிறார். கடைசியில் கிட்டார் தனியாக எழும்போது பின்னால் சிம்பல் பொங்குவதைக் கவனியுங்கள். பாட்டில் நகர்வு இருக்கிறது. கார்டில் இல்லை, அவ்வளவுதான்.

ரீல் டேப்:
எல்லோரும் நான்காவது ஆளை மறந்துவிட்டீர்கள். பதிவு செய்தவர் க்ரேமர், நியூயார்க்கில் நாய்ஸ் நியூயார்க் என்ற ஸ்டுடியோவில். அவர் அள்ளிப் போட்ட ரிவெர்பை (எதிரொலி போன்ற ஒலி விளைவை) எடுத்துவிட்டுப் பாருங்கள், மூன்று மாணவர்கள் ஓர் அறையில் ஒத்திகை பார்ப்பதுதான் மிஞ்சும். இதே க்ரேமர்தான் பிற்பாடு லோ குழுவின் முதல் ஆல்பத்தையும் (1994) தயாரித்தார். அங்கேயும் மெதுவான மூன்று பேர், அங்கேயும் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்குகிறது. தற்செயலா?

பழி சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 'எளிமையான பாட்டு' என்று நாம் கேட்பது பெரும்பாலும் ரொம்பக் கவனமாகச் செய்த ஒலி.

சுருதிப்பெட்டி:
அப்படிப் போடுங்கள். ஆக, உருகவைப்பது பாட்டு இல்லை, எதிரொலி. குளியலறையில் பாடினால் எனக்கும்தான் கண் கலங்குகிறது.

நள்ளிரவு ரேடியோ:
ரிவெர்ப் போட்ட எல்லாமே உருகவைக்கிறதா என்ன? அந்தக் காலப் பதிவுகளில் பாதி ரிவெர்பில்தான் முங்கிக் கிடக்கிறது. இந்த ஒன்றுதான் என்னைப் பிடித்தது.

கணக்குப்பிள்ளை:
ஒரு கேள்வி. இந்தப் பாட்டு உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது? யாராவது கொடுத்தார்களா, தானாக ஓடியதா?

நள்ளிரவு ரேடியோ:
தானாகத்தான். வேறு எதையோ கேட்டு முடித்ததும் இவர்களுடைய 'ஸ்ட்ரேஞ்ச்' ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு முதல் ஆல்பமான 'டுடே'க்குப் போனேன். அதன் எல்பி இசைத்தட்டில் கடைசிப் பாட்டு இது.

கணக்குப்பிள்ளை:
நினைத்தேன். 'ஸ்ட்ரேஞ்ச்' 1989இல் வந்த 'ஆன் ஃபயர்' ஆல்பத்தில் உள்ளது. சிங்கிளாக (தனிப் பாட்டு வெளியீடாக) கூட வெளிவந்ததில்லை. ஆனால் ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய மற்ற பாட்டுகளையெல்லாம் விட்டுவிட்டு அது மட்டும் உயரப் போனது. டிரம்மர் க்ருகோவ்ஸ்கியே குழம்பிப்போய் இதைத் துருவி 2018இல் எழுதினார். 2017 ஜனவரியில் அந்த நிறுவனம், கேட்டது முடிந்ததும் அதே சாயலில் அடுத்ததைத் தானாக ஓட்டும் வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஏற்றம் தொடங்கியதும் அதே மாதம். அந்தக் குழுவின் பாட்டுகளிலேயே மற்றவர்களின் பாட்டுகளோடு அதிகம் ஒத்துப்போவது அதுதான் போல.

ஆகவே 'கண்டெடுத்தேன்' என்ற பெருமிதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பரிமாறினார்கள், சாப்பிட்டீர்கள். அப்புறம், 'யாருக்கும் தெரியாத குழு' என்பதும் முழு உண்மை இல்லை. பிரிட்டனில் ஜான் பீல் அவர்களை அழைத்துத் தன் வானொலி நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்திருக்கிறார். பெரிய கூட்டத்துக்குத் தெரியாது, விவரம் தெரிந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். நம்மில் பலருக்கு அந்தத் 'தெரியாது' என்பதிலேயே பாதிக் கிறக்கம். எல்லாத் திருமண வீட்டிலும் இதே பாட்டு ஓடினால் தொண்டை அடைக்குமா?

நள்ளிரவு ரேடியோ:
இயந்திரம் எனக்கு 'ஸ்ட்ரேஞ்சை'த்தான் தந்தது. 'டக்போட்'டுக்கு நானே நடந்து போனேன். அந்த ஆல்பத்தில் எட்டுப் பாட்டு தாண்டித்தான் இது வருகிறது. திருமண வீட்டு விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, ஓடட்டும். அவர்களுக்கு நாலு காசாவது போய்ச் சேரும்.

கணக்குப்பிள்ளை:
போகாது, அதுதான் வேடிக்கை. இதே 'டக்போட்' கணக்கை க்ருகோவ்ஸ்கி 2012இல் வெளியிட்டார். ஒரு காலாண்டில் பண்டோரா இணைய வானொலியில் 7,800 முறை ஒலித்ததற்குப் பாட்டு எழுதிய மூவருக்கும் சேர்த்து 21 சென்ட், ஸ்பாட்டிஃபையில் 5,960 முறைக்கு 1.05 டாலர். 1988இல் ஆயிரம் சிங்கிள் அச்சடித்து விற்றால் வரும் வருமானத்துக்கு 2012இல் ஒரு கோடியே முப்பது லட்சம் தடவைக்கு மேல் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

நதிமுகம்:
படகு எங்கிருந்து வந்தது என்று யாருமே கேட்கவில்லையே? வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவில் கிட்டார் வாசித்த ஸ்டெர்லிங் மாரிசன் 1971இல் அந்தக் குழுவை விட்டுவிட்டு டெக்சாஸில் தங்கிவிட்டார். இடைக்கால இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், ஹூஸ்டனில் இழுவைப் படகில் வேலைக்குச் சேர்ந்து கேப்டனும் ஆனார். அவர்தான் இந்தப் பாட்டுக்குள் இருப்பவர். ராக் உலகமே கொண்டாடப்போகும் குழுவை விட்டுவிட்டுக் கப்பல்களைத் துறைக்கு இழுக்கப் போன மனிதர்! அப்படிப் பார்த்தால் 'உன் விருந்து வேண்டாம்' என்பதற்கு வேறு கனம் வந்துவிடுகிறது. நள்ளிரவு ரேடியோ இதைக் காதல் பாட்டு என்று மட்டும் படித்துவிட்டார், எனக்கு இது ஒதுங்கிப் போகிறவனின் பாட்டு.

சுருதிப்பெட்டி:
கதை அருமை. ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கதை சொன்னால்தான் பாட்டு எழுந்து நிற்கும் என்றால் அது பாட்டின் குறை.

நள்ளிரவு ரேடியோ:
நான் உருகிய போது இந்தக் கதை எனக்குத் தெரியாதே. அது சரி, நீங்கள் கேட்கிற சுத்தம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. வேர்ஹாம் 2010 வாக்கில் கேலக்ஸி 500 பாட்டுகளை மட்டும் வைத்துக் கச்சேரிகள் செய்தார். பேஸ் பிரிட்டா ஃபிலிப்ஸ். க்ரேமரும் இல்லை, இரவல் டிரம்ஸும் இல்லை. தேடிக் கேளுங்கள்.

சுருதிப்பெட்டி:
கேட்டேன். இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! தாளம் உட்கார்ந்திருக்கிறது, பேஸ் சுத்தம். பழையதைவிட இதுதான் மேல்.

நள்ளிரவு ரேடியோ:
உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். எனக்கு அது நல்ல கச்சேரி, அவ்வளவே. பழைய பதிவில் அடுத்த ஸ்வரம் கிடைக்குமா கிடைக்காதா என்று அவர்களுக்கே தெரியவில்லை, எனக்கு வேண்டியது அந்தத் தடுமாற்றம்.

ரீல் டேப்:
புதியதில் ரிவெர்ப் குறைவு. சொன்னேன் இல்லையா.

பேஸ்காரன்:
இது இன்றைக்கு முடியாது. 'டுடே'யின் முதல் பக்கத்தில் பாடகர் ஜொனாதன் ரிச்மனின் பாட்டு ஒன்றை எடுத்து ஆறு நிமிஷத்துக்கு மேல் இழுத்திருக்கிறார்கள், பெரும்பகுதி கிட்டார். சுருதிப்பெட்டி அதையும் கேட்டுவிட்டு வந்து திட்டட்டும்.

சுருதிப்பெட்டி:
ஆறு நிமிஷமா? அதில் எத்தனை கார்டு என்று முதலில் சொல்லுங்கள்.