பால் என்று தேடினால் பால்கோவா வருகிறது: பைத்தான் ரீஜெக்ஸில் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அண்ணனின் மளிகைக் கடைக்காகப் பைத்தானில் சரக்குப் பட்டியல் தேடும் சின்ன நிரல் ஒன்றை ரீஜெக்ஸ் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் குறிமுறை) வைத்து எழுதி வருகிறேன். தேடும் பெயரைக் கடையில் இருப்பவர்களே தட்டச்சு செய்வார்கள்.

முதலில் "எண்ணெய் (1.5 லி)" என்ற பெயரே சிக்கவில்லை. அடைப்புக்குறியை ரீஜெக்ஸ் குழுவாக எடுத்துக்கொள்கிறது, புள்ளியோ எந்த எழுத்துக்கும் பொருந்திவிடுகிறது. திறந்த அடைப்புக்குறியை மட்டும் அடித்தால் நிரலே பிழை காட்டி நின்றது. ஒவ்வொரு குறிக்கும் முன்னால் கையால் பின்சாய்வுக்கோடு போட்டுப் பார்த்து, அப்புறம்தான் இந்தச் சிறப்புக் குறிகளைச் சாதாரண எழுத்தாக எடுக்க வைக்கும் எஸ்கேப் ஃபங்ஷன் இருப்பது தெரிந்தது. அதைப் போட்டதும் சரியாகிவிட்டது.

இப்போது வேறு சிக்கல். முழுச் சொல் மட்டும் கிடைக்க, எஸ்கேப் செய்த பெயரின் இரு பக்கமும் சொல் தொடங்கும் அல்லது முடியும் இடத்தைக் குறிக்கும் சொல் எல்லைக் குறியை (\b) வைத்தேன். "பால்" என்று தேடினால் "பால் பாக்கெட்" வரவில்லை, "பால்கோவா" வருகிறது! பைத்தானில் ரீஜெக்ஸுக்கான ரீ மாட்யூல் மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியையும் துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளையும் சொல்லின் எழுத்தாகக் கணக்கில் கொள்வதில்லை. அதனால் 'ல்' முடிந்து 'கோ' தொடங்கும் இடத்தை எல்லை என்று நினைக்கிறது. மூடும் அடைப்புக்குறியில் முடியும் பெயர்களுக்கும் இதே கதிதான்.

இடைவெளியை மட்டும் எல்லையாக வைத்தால் "பால், தயிர்" என்று காற்புள்ளி வரும் இடங்கள் விடுபடுகின்றன. ரீ மாட்யூலை விட்டு ரீஜெக்ஸ் என்ற பெயரிலேயே உள்ள தனி மாட்யூலுக்கு மாறினால் இது தீருமா? தமிழில் இதைச் சமாளித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிறுக்குள் கடையில் போட்டுத் தர வேண்டும்.