மிஷின் ஓட ஆரம்பித்தால் ஜெபம் நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். பீஸ் ரேட், தைக்கிற பீஸ் எண்ணிக்கைக்குத்தான் கூலி. காலை 8.30 முதல் இரவு 8.30 வரை, ஒன்றரை ஷிப்ட்.

விடிகாலை 4.30க்கு ஜெபிக்கும்போது ஆண்டவர் பக்கத்திலேயே இருக்கிறார். மிஷினில் உட்கார்ந்ததும் அவரை மறந்துவிடுகிறேன். ராத்திரி பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைக்கிறது. ஆறு மாதமாக இதே கதை. மனசு ரொம்ப வலிக்கிறது.

சங்கீதம் 119:164இல் வருகிறபடி நாளுக்கு ஏழு தரம் துதிக்கலாம் என்று போனில் அலாரம் வைத்தேன். மூன்றாம் நாளே சூப்பர்வைசர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்புறம் ஒரு வெட்டுத் துணியில் ‘என்னில் நிலைத்திருங்கள்’ (யோவான் 15:4) என்று எழுதி மிஷின் தலையில் ஒட்டினேன். மத்தியானத்துக்குள் பஞ்சு படிந்து எழுத்தே தெரியவில்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், இப்போது கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒவ்வொரு பீஸுக்கும் ‘இயேசுவே, இரங்கும்’ என்று சொல்லிப் பார்த்தேன். வாய் சொல்கிறது, மனசு பீஸ் எண்ணுகிறது.

போதகர் ஐயா தியான முகாமுக்குப் போகச் சொன்னார். லீவு கிடைக்காது.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி தேவனோடு ஒன்றியிருந்தார். ஆகவே இது நடக்கக்கூடியதுதான் என்று முழுசாக நம்புகிறேன்.

தறி, மில், தையல் என்று சத்தத்தில் கைவேலை செய்கிறவர்களே, வேலை நேரத்தில் மனசை ஆண்டவரிடம் திருப்ப நீங்கள் தினமும் என்ன செய்கிறீர்கள்?