மோல்மேன் என்னைக்கும் மோன் மாநிலமா? 1974-க்கு முன்னாடி பாருங்க!

மோல்மேன்காரன்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார்: "சுதந்திரம் வாங்குன நாள்லேருந்தே பர்மாவுல ஏழு மாநிலம், ஏழு கோட்டம், மோல்மேன் என்னைக்கும் மோன் மாநிலம்தான்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 1974 அரசியல் சட்டம் வர்ற வரைக்கும் மோன் மாநிலம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மோல்மேன் தெனாசரிம் கோட்டத்துல இருந்துச்சு, அந்தக் கோட்டத்துக்கே தலைமை ஊர் அதுதான். எங்க அப்பா பொறப்புச் சீட்டுலயும் தெனாசரிம்னுதான் இருக்கு.

இரங்கூன்வாசி:
எழுதினது நான்தான். 2008 அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்க அண்ணே, ஏழும் ஏழும்தான். இதுக்குப் போய் அப்பா சீட்டை இழுக்கணுமா?

மோல்மேன்காரன்:
2008-ஐ யார் கேட்டா? நான் சொல்றது 1974. ரக்கைன் மாநிலமும் அப்ப வந்ததுதான், அதுக்கு முன்ன அரக்கான் கோட்டம். சின் மாநிலமும் அப்படித்தான், முன்ன சின் சிறப்புக் கோட்டம். 1948-ல ஏழு மாநிலம் எங்கே இருந்துச்சு? எண்ணிக் காட்டுங்க.

பெகு தம்பி:
முதல்ல கோட்டம்னு சொல்றதை விடுங்க. 2010-லயே பேரை மாத்தியாச்சு. இப்ப பர்மிய மொழியில தைங் தேதாஜீ, அதாவது பிராந்தியம்.

மோல்மேன்காரன்:
தம்பி, 1974-ல அதுக்குப் பேர் தைங், அதாவது கோட்டம். நான் 1974 பேசுறேன்.

தட்டோன் வாத்தியார்:
பேர் என்னவா இருந்தா என்னய்யா? மியோநே (மாவட்டத்துக்குக் கீழே இருக்குற நகர வட்டம்) ஆபீஸ்ல போய் நின்னு பாருங்க. 2008 சட்டப்படி மாநில முதலமைச்சரையே ஜனாதிபதிதான் நியமிக்கணும். மியோநே அதிகாரி பொது நிர்வாகத் துறை ஆளு. அந்தத் துறை 2018 கடைசி வரைக்கும் உள்துறை அமைச்சுக்குக் கீழே, உள்துறை அமைச்சர் யாருன்னு சொல்றது ராணுவத் தளபதி. எங்க தெருவுல சாக்கடை அடைச்சப்ப மாநிலச் சட்டசபையா வந்துச்சு? நாங்களே மம்மட்டி எடுத்தோம். அதைப் பேசுங்க.

மோல்மேன்காரன்:
சாக்கடை வேற பேச்சு வாத்தியாரே. உங்க தட்டோனும் 1974 வரைக்கும் தெனாசரிம்தான்.

இரங்கூன்வாசி:
மோல்மேன்காரங்களுக்கு ஊர்ப் பெருமை பேசலேன்னா சோறு இறங்காது.

மோல்மேன்காரன்:
ஆமா, பெருமைதான். 1852-ல இரங்கூனைப் பிடிக்கிற வரைக்கும் பிரிட்டிஷ் பர்மாவுக்குத் தலைநகர் எங்க ஊர். உங்க இரங்கூன் பின்னாடி வந்தது.

பெகு தம்பி:
மோல்மேன் இல்ல, மௌலமியாய்ங்.

மோல்மேன்காரன்:
எங்க ஆத்தா வாயில வந்தது மோல்மேன். சாகுற வரைக்கும் அப்படித்தான் சொல்லுவேன்.

இரங்கூன்வாசி:
கோயில் கணக்குப் பேசின அன்னைக்கும் இப்படித்தான், நீங்க சொன்னதே சட்டம்னு நின்னீங்க. நான் மறக்கல.

மோல்மேன்காரன்:
கோயில் கணக்குலயும் நான் சொன்னதுதான் சரி. பேச்சை மாத்தாதீங்க. 1948-ல மோன் மாநிலம் இருந்துச்சா, இல்லையா?

தட்டோன் வாத்தியார்:
மியோநே அதிகாரியை நாம ஓட்டுப் போட்டு வைக்க முடியுமா, முடியாதா? இதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

இரங்கூன்வாசி:
ஏழும் ஏழும் பதினாலு. நான் எழுதினதை மாத்த மாட்டேன்.

மோல்மேன்காரன்:
நாளைக்கு அப்பா சீட்டைப் போட்டோ எடுத்துப் போடுறேன். 1974.