சீருடைக்காக நோட்டில் ஏறிய பெயர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பட்டுப்பிரிவு:

பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்கு ‘நோட்டு’ என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பேட்ஜ் குத்தவில்லை, கொண்டை வலை இல்லை, கொசுவம் சரியில்லை என்று எது நடந்தாலும் பெயருக்கு எதிரே ஒரு தொகை ஏறி, சம்பள நாளில் கவர் மெலிந்து வரும். எங்களுக்குக் கடை கொடுத்தவை இரண்டே சீருடைப் புடவைகள். அடைமழைக் காலத்தில் விடுதி அறையில் கொடி கட்டிக் காயவைத்தது காயாமல், என்னோடு நின்ற பெண் ஒருத்தி ஈரப் புடவையையே உடுத்திக்கொண்டு வந்துவிட்டாள். முகூர்த்தக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், வாடிக்கையாளர்கள் அமர்ந்திருந்த மெத்தைக்கு எதிரிலேயே தளமேலாளர் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, கையிலிருந்த ஸ்கேலால் முந்தானை மடிப்பைத் தூக்கிக் காட்டி, “இதுதான் மடிப்பா?” என்றார். புடவை எடுக்க வந்திருந்த ஒரு பாட்டி, “ஏம்ப்பா, அந்தப் புள்ள ஈரத்தோட நிக்குதே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் நோட்டில் ஐம்பது ரூபாய் எழுதினார். அந்தப் பெண் அழவில்லை. ஆனால் அன்று கடை அடைக்கும்வரை யாருக்கும் அவளாக ஒரு புடவையை விரித்துக் காட்டவில்லை. கேட்டதை எடுத்துப் போட்டாள், அவ்வளவுதான். எங்கள் பிரிவிலேயே அதிகம் விற்பவள் அவள்.

காக்கிச்சட்டை:

ஓய்வு பெற்ற நடத்துநர் நான். ஓர் ஆண்டு எங்கள் கிளைக்குச் சீருடைத் துணி வரவில்லை, தையற்கூலியும் வரவில்லை. பழைய சட்டை தோளில் நைந்துவிட்டதால் சொந்தக் காசில் காக்கி எடுத்துத் தைத்தேன். நிறம் ஒரு சாயல் கூடுதலாக இருந்ததாம். வழியில் ஏறிய பரிசோதகர் டிக்கெட்டுகளைப் பார்ப்பதற்கு முன்பு என் சட்டையைத்தான் பார்த்தார். மெமோ வந்தது, துணி வழங்கப்படாததைக் குறிப்பிட்டுப் பணிவாக விளக்கம் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. “தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை” என்ற வரி ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருந்தது. என் பெயரும் பணி எண்ணும் மட்டுமே பேனாவால் நிரப்பப்பட்டிருந்தன. சீருடை, மழைக்கோட்டு, சலவைப்படி ஆகியவற்றுக்கு 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் 10ஆவது பிரிவே இருந்தது. கொடுக்க வேண்டியவர் கொடுக்காததற்கு எந்தப் படிவமும் அச்சடிக்கப்படுவதில்லை.

மனிதவளம்:

பட்டுப்பிரிவு அவர்கள் எழுதியது வருத்தத்துக்குரியதுதான். ஆயினும் சீருடை விதியையே கொடுமை என்பதுபோல் இந்த உரையாடல் போவதை என்னால் ஏற்க இயலவில்லை. நான் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியாளர் நிர்வாகம் பார்த்தவன். கைச்சுகாதாரத்துக்காக மோதிரம், வளையல், கைக்கயிறு எதுவும் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினோம், அது முற்றிலும் சரியான விதி. நேரில் சொல்லப் போனபோது ஒரு செவிலியர் தம் மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டே, “சார், இது டாக்டர்களுக்கும் உண்டா?” என்று கேட்டார். அருகில் நின்ற மூத்த மருத்துவரின் மணிக்கட்டில் கோயில் கயிறு மூன்று சுற்று இருந்தது. அது இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். முதலாளி நினைத்தபடியெல்லாம் அபராதம் போட முடியாது. அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி, எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்ற பட்டியல் அரசின் ஒப்புதல் பெற்று, பணியிடத்தில் அறிவிப்பாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். தவணை முறையில் பிடிக்கக் கூடாது. 90 நாட்கள் கடந்த பின்பும் பிடிக்கக் கூடாது. மொத்த அபராதம் அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 10,000 ரூபாய் வாங்குபவரிடம் 300 ரூபாய்க்கு மேல் எந்த நோட்டும் எடுக்க முடியாது. பிடித்த பணம் முதலாளியின் கல்லாவுக்குப் போகாது. தனிப் பதிவேட்டில் ஏறி, தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் இதே வரம்பைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே பட்டுப்பிரிவு அவர்கள் அந்தப் பதிவேட்டைக் கேட்டிருக்கலாம். நடத்துநர் ஐயா மேல்முறையீடு செய்து, துணி வழங்கல் பதிவேட்டின் நகலையும் இணைத்திருக்கலாம். எதையும் எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள், வாய்ப்பேச்சில் நிறுத்தாதீர்கள்.

காக்கிச்சட்டை:

மேல்முறையீடும் செய்தேன், தம்பி. அதற்கும் ஒரு படிவம் வைத்திருந்தார்கள்.

பட்டுப்பிரிவு:

மனிதவளம் ஐயா, சட்டம் சொன்னதற்கு நன்றி. ஆனால் கடையின் விடுதியிலேயே தங்கி, கடையின் சாப்பாட்டையே சாப்பிடும் பெண், பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டு அன்றிரவு எங்கே போய்ப் படுப்பாள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பிரிவுக்கும் முக்காலிகள் வந்தன. உட்கார்ந்தால் கொசுவம் கசங்குகிறது என்பதற்காக அதற்கும் நோட்டில் ஒரு தொகை ஏறியது.

சீருடை வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. மூன்றாவதாக ஒரு புடவை கொடுத்திருந்தால் அந்த மேலாளருக்கு ஸ்கேலே தேவைப்பட்டிருக்காது, அவருடைய கடைக்கு விற்பனையும் குறைந்திருக்காது. போகட்டும், அந்தச் செவிலியரின் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?