கனடாக் குளிரில் பிள்ளைகளோடு: வீட்டுக்கல்விக் குடும்பங்களின் அனுபவப் பகிர்வு

ஒட்டாவாவிலிருந்து ஒரு தாய்

எங்கள் பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே கல்வி கற்கிறார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்குப் பெரிய தடை எதுவும் இல்லை. ஆண்டுதோறும் பாடசாலைச் சபைக்கு எழுத்தில் அறிவித்துவிட்டால், என்ன படிப்பது, எப்போது படிப்பது என்பதைப் பெற்றோரே வகுத்துக்கொள்ளலாம். இதைக் கேள்விப்படும் உறவினர்கள், கோடையில் சமாளித்துவிடுவீர்கள், மைனஸ் இருபதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நவம்பரில் கதவைச் சாத்தினால் மார்ச் கடைசியில் திறப்பதுதான் இந்நாட்டு வாழ்க்கை என்று நம்மவர்கள் பலரும் எண்ணிவிட்டார்கள். எங்கள் வீட்டிலோ ஆண்டிலேயே அதிகமான படிப்பு குளிர்காலத்தில்தான் நடக்கிறது. அதில் பெரும்பகுதி வாசலுக்கு வெளியே நடக்கிறது.

ஒட்டாவாவில் குளிர்காலம் என்றாலே ரிடோ கால்வாய்தான். நகரின் நடுவே ஓடும் அந்தக் கால்வாயில் 7.8 கிலோமீற்றர் நீளப் பகுதி, 1971 முதல் மக்கள் கட்டணமின்றி ஸ்கேட்டிங் செய்யும் தளமாக இருந்துவருகிறது. பனிக்கட்டி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தடிப்பு அடைந்த பிறகே திறப்பார்கள். பச்சைக் கொடி பறந்தால் இறங்கலாம், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. 2022-23 குளிர்காலத்தில் அந்தத் தடிப்பு வரவேயில்லை. தளம் தொடங்கிய காலத்திலிருந்து முதன்முறையாக, ஒரு நாள்கூடத் திறக்காமலே பருவம் முடிந்துபோனது. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு எங்கள் மூத்த மகள் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கட்டக் கொப்பியில் வரைபடமாகப் போட்டு, கோடு சுழியத்துக்குக் கீழே எத்தனை நாள் தொடர்ந்து ஓடுகிறது என்பதை வைத்துத் திறக்கும் நாளைத் தானே கணிக்கத் தொடங்கினாள். மேலே வெண்பனி கொட்டிவிட்டால் அது போர்வையாகிக் கீழேயுள்ள நீரின் சூட்டைக் காத்துவிடுகிறது, அதனால் கடுங்குளிர் நாள்களிலும் பனிக்கட்டி தடிக்கத் தாமதிக்கும் என்பதை அவள் கண்டுகொண்டது இந்த வரைபடத்தால்தான். எதிர்மறை எண்களைக் கூட்டுவதும் கழிப்பதும் அவளுக்கு அதன்பின் ஒரு சிரமமாகவே இருக்கவில்லை. கால்வாய் ஏன் வெட்டப்பட்டது என்ற வரலாறும், 1812இல் அமெரிக்காவோடு மூண்ட போரும், எல்லையோரமாக ஓடும் சென் லோரன்ஸ் ஆற்றை நம்பாமல் ஒட்டாவாவையும் கிங்ஸ்டனையும் இணைக்கும் நீர்வழியை 1832இல் திறந்த கதையும் ஸ்கேட் சப்பாத்தின் நாடாவைக் கட்டும் நேரத்திலேயே பேசி முடிகின்றன.

தைப்பொங்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமையலறை அடுப்பில் பொங்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒருபோதும் மனம் நிறைந்ததில்லை. சூரியனுக்குப் பொங்குவது என்றால் சூரியனைப் பார்த்துப் பொங்க வேண்டும். ஆகவே பின்முற்றத்தில் பனியை வழித்து ஓர் இடம் துப்புரவாக்கி, மூன்று பக்கமும் பலகை வைத்துக் காற்றை மறித்து, அடுப்பை வைக்கிறோம். எந்த அடுப்பு என்பதே அன்றைய முதற்பாடம். மேசையில் வைக்கும் சிறிய புட்டேன் அடுப்புகள் இந்தக் குளிரில் பயன்படா. திரவ புட்டேன் ஏறத்தாழ சுழியப் பாகையில்தான் ஆவியாகும், அதற்குக் கீழே போனால் கொள்கலனுக்குள்ளேயே திரவமாகத் தங்கிவிடும். புரொப்பேனோ மைனஸ் 42 வரை ஆவியாகும் என்பதால் அதையே பயன்படுத்துகிறோம். வெள்ளைப் பனியில் அரிசி மாக்கோலம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பிள்ளைகள் மஞ்சள் தூளாலும் குங்குமத்தாலும் கோலமிடுகிறார்கள். மஞ்சள் மெல்லப் பனியில் ஊறிக் கோட்டுக்கு வெளியே பரவும்போது மகன் அதை விரலால் அழுத்தி நிறுத்தப் பார்ப்பான். வெளியில் பால் பொங்குவதற்கு வீட்டுக்குள்ளே ஆவதைவிட மிக அதிக நேரம் ஆகிறது. அது பொங்கி வழிந்து பானையின் வெளிப்புறத்தில் உடனே வெண்கோடாக உறைவதைக் கண்டதும் பிள்ளைகள் போடும் "பொங்கலோ பொங்கல்" சத்தத்துக்கு அயலவர்கள் வேலிக்கு வந்துவிடுவார்கள். பயறும் சக்கரையும் கஜுவும் போட்ட புக்கை வேலிக்கு மேலால் போகும். மாகாணச் சட்டமன்றம் 2014இலும், கனேடிய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபின், அயலவர்களுக்கு இது என்ன விழா என்று சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள்.

பொங்கலை ஒட்டியே இன்னொரு நாளையும் கொண்டாடுகிறோம். 1885 ஜனவரி 15ஆம் நாள், எங்களுக்கு எல்லைக்கு அப்பாலுள்ள வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோ என்ற ஊரில், வில்சன் பென்ட்லி என்னும் இளம் விவசாயி முதன்முதலாக ஒரு பனித்துகளை நுண்ணோக்கி வழியாகப் படம் பிடித்தார். அவருடைய அன்னையே அவருக்கு ஆசிரியராக இருந்தவர். பள்ளிப்படிப்பில் பெரும்பகுதி வீட்டிலேயே நடந்தது. வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட துகள்களைப் படமெடுத்த அவரை என் பிள்ளைகள் தங்கள் இனத்தவராகவே கருதுகிறார்கள். அன்று பனி பெய்தால், இரவு முழுதும் வெளியே வைத்துக் குளிரவிட்ட கறுப்பு வெல்வெட் துணியை நீட்டித் துகள்களை ஏந்துவோம். மூச்சுப் பட்டால் கரைந்துவிடும் என்பதால் மூக்கையும் வாயையும் கழுத்துத் துணியால் மூடிக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் குனிந்து பிடிக்க வேண்டும். மேகத்தில் மைனஸ் 15 பாகையளவில் உருவானவை கிளைவிட்ட ஆறுமுனை நட்சத்திரங்களாகவும், மைனஸ் 5 பாகையளவில் உருவானவை ஊசிகளாகவும் இறங்கும். தரையில் நின்றபடியே மேகத்தின் வெப்பநிலையை ஊகிக்க முடிவது எனக்கே இன்னும் வியப்பாக இருக்கிறது.

கையில் சூரியகாந்தி விதையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் சிக்கடிக் குருவி வந்து விரலில் அமரும். பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள அந்தச் சிறு பறவை, இரவில் தன் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகையளவு தாழ்த்திக்கொண்டு குளிரைக் கடக்கிறது. பெப்ரவரி நடுவில் நான்கு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடமாவது நின்று எண்ணி அனுப்பினால் போதும். 1998இல் தொடங்கிய அந்தக் கணக்கில் தங்கள் எண்களும் சேர்வது பிள்ளைகளுக்குப் பெரும் நிறைவு.

வின்னிபெக்கிலிருந்து ஒரு தந்தை

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர்க் குளிரையும் பதிவுசெய்ய விரும்பினேன். மதுரையில் பிறந்து வளர்ந்த நான், மைனஸ் நாற்பதில் செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடும் என்பதைப் பாடப்புத்தகத்தில் ஒரு கணக்காகத்தான் அறிந்திருந்தேன். என் மகன்கள் அதை வாசல் தெர்மாமீட்டரில் பார்த்து அறிந்திருக்கிறார்கள். வெளியே அனுப்புவதில் எங்களுக்கு ஓர் உறுதியான விதி உண்டு. காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் அளவு மைனஸ் 28ஐத் தாண்டினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையக்கூடும் என்பதால், அன்று கன்னமும் மூக்கும் மூடியிருக்க வேண்டும், அடிக்கடி உள்ளே வந்துபோக வேண்டும். மைனஸ் 40ஐத் தாண்டினால் ஜன்னல்தான். இதில் பிள்ளைகளின் கெஞ்சலுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டின் பின்புறத்தில் நாங்களே ஸ்கேட்டிங் தளம் கட்டுகிறோம். சுற்றிலும் பலகை அடித்து, வெள்ளைத் தார்ப்பாய் விரித்து, இரவில் குழாய் நீரை மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. வெள்ளைத் தார்ப்பாய் ஏன் என்று சின்னவன் கேட்டான். கறுப்புத் துணி ஒன்றையும் வெள்ளைத் துணி ஒன்றையும் வெயிலில் பனிமேல் விரித்து, எது முதலில் அமிழ்கிறது என்று அவனையே பார்க்கச் சொன்னேன். மைனஸ் 25க்குக் கீழே போகும் நாள்களில் சோப்பு நீரில் சிறிது சோளப் பாகு கலந்து குமிழி ஊதுவோம். கையுறை மேல் அமர்ந்த குமிழியின் அடியிலிருந்து இறகு போன்ற படிகங்கள் கிளம்பிச் சுழன்று மேலே ஏறி, சில நொடிகளில் முழுக் குமிழியும் வெள்ளையாகிவிடும். விரல் பட்டால் முட்டை ஓடுபோல் உடையும்.

பெப்ரவரியில் செயின்ட் பொனிஃபஸ் பகுதியில் 1970 முதல் நடந்துவரும் பிரெஞ்சுக்காரர்களின் வொயஜர் திருவிழாவுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். விலங்குகளின் மென்மயிர்த் தோல் வணிகம் நடந்த காலத்துப் படகோட்டிகளின் வாழ்வை நினைவுகூரும் விழா அது. படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடங்களில் அவர்கள் ஒவ்வொன்றும் 90 பவுண்டு எடையுள்ள இரண்டு மூட்டைகளை முதுகில் சுமந்தார்கள் என்று அங்கே சொன்னதும், வீட்டுக்கு வந்த பிள்ளைகள் 40 பவுண்டு அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு மூட்டையே அசையவில்லை. பிறகு அதைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்து, தரையிலும் பனியிலும் உள்ள உராய்வின் வேறுபாட்டைத் கொக்கித் தராசால் அளந்தார்கள். எங்கள் மானிட்டோபா மாகாணத்தில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் ஜனவரியிலும் ஜூனிலும் முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். ஜனவரி அறிக்கையில் எழுத எங்களுக்கு ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாத்தா

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். இப்போது மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றாலும், நண்பகலில் சில நிமிடம் வெளியே நிற்பேன். திசெம்பர் 21இல் ஒரு மீற்றர் கோலைச் செங்குத்தாக நாட்டி, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளக்கச் சொன்னேன். இங்கே அது ஏறத்தாழ 2.4 மீற்றர் நீளம் வரும். பனியின்மேல் அந்த நிழல் நீலமாகத் தெளிந்து தெரிவதால் முனையைக் குறிப்பது எளிது. பொங்கலன்று அதே கோலின் நிழல் 2.15 மீற்றரளவுக்குச் சுருங்கிவிடும். சூரியன் வடக்கே திரும்பிவிட்டான் என்பதற்கு அந்தக் கால் மீற்றர் சாட்சி.

"தாத்தா, டிசம்பரிலேயே திரும்பிவிட்டதென்றால் நாங்கள் ஏன் ஜனவரியில் பொங்குகிறோம்?" என்று மூத்த பேத்தி கேட்டாள். எத்தனையோ ஆண்டு வகுப்பறையில் நின்றும் இப்படியொரு கேள்வியை நான் கேட்டதில்லை. நம் தை மாதப் பிறப்பு விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுவது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் தலைசுற்றுவதால், ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தைப் பிறப்பும் சூரியன் திரும்பும் நாளும் விலகிவருகின்றன. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பம்பரத்தைச் சுற்றவிட்டு அச்சின் தள்ளாட்டத்தைக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் அதே திசெம்பர் நண்பகலில் நிழல் 65 சென்ரிமீற்றர்தான் இருக்கும் என்று கணித்துச் சொன்னதும், அங்குள்ள மச்சானுக்குத் தொலைபேசியில் சொல்லி அளக்கவைத்து, இரண்டு நிழல்களிலிருந்தும் இரண்டு ஊர்களின் அகலாங்கு வேறுபாட்டைக் கண்டார்கள். தொட்டுப் பார்க்கக்கூடிய திரிகோண கணிதம் இதைவிட வேறில்லை.

மீண்டும் ஒட்டாவாவிலிருந்து

ஐயாவின் நிழல் கணக்கை வரும் திசெம்பரில் நாங்களும் செய்வோம். பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரும் குடும்ப தினத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். மேப்பிள் காட்டுக்குப் போங்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் நாள்களில்தான் மரத்தில் சாறு இறங்கும். சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ இரண்டு விழுக்காடே இருப்பதால், ஒரு லீற்றர் பாகுக்கு 40 லீற்றர் சாற்றைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. எங்களோடு வந்திருந்த அம்மம்மா, பனையில் இறக்கும் கருப்பநீரை ஊரில் காய்ச்சிப் பனங்கட்டி செய்ததைப் பிள்ளைகளுக்கு விவரித்தார். கருப்பநீரில் சர்க்கரை பத்து விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் அங்கே விறகு எவ்வளவு குறைவாகத் தேவைப்பட்டிருக்கும் என்று இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். சூடான பாகைப் பனிமேல் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தரும் மிட்டாயை அம்மம்மா இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். வார இறுதிகளில் கூட்டம் அதிகம். வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு வார நாள் காலைகளே நல்லவை, மாற்றுக் காலுறை அவசியம் எடுத்துச் செல்லுங்கள்.