அணுக்கருவின் ஓரத்தைப் பார்க்க எதிர்ப்புரோட்டான் எதற்கு?

மாலைவகுப்பு:
ஈயம்-208 அணுக்கருவில் 82 புரோட்டான், 126 நியூட்ரான். கூடுதல் நியூட்ரான்கள் வெளிப்பக்கம் மெல்லிய தோல் போலப் படிந்திருக்குமாம். அதை அளக்க எலக்ட்ரான் போதாதா? எதிர்ப்புரோட்டான் என்பது புரோட்டானின் எதிர்ப்பொருள் இணை, மின்சுமை மைனஸ் ஒன்று. சாதாரணப் பொருளைத் தொட்டதும் அழிந்துபோகிற அதை வைத்து எதை அளப்பது?

பழைய_எம்எஸ்சி:
அழிந்துபோவதுதான் இதில் வசதியே. எலக்ட்ரானுக்குப் பெரும்பாலும் மின்சுமைதான் தெரியும், அதாவது புரோட்டான்கள். எதிர்ப்புரோட்டானை அணு பிடித்துக்கொண்டால், அது எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம் என்பதால் அதன் பாதைகளும் கருவுக்கு அவ்வளவு நெருக்கம், எக்ஸ் கதிரை உமிழ்ந்துகொண்டே படிப்படியாக இறங்கி வந்து, கருவின் நடுவுக்குப் போகும் முன்பே ஓரத்தில் முதலில் மாட்டுகிற ஒரு துகளோடு சேர்ந்து அழிந்துவிடும். அந்த அழிவில் பையான்கள் என்ற குறை ஆயுள் துகள்கள் சிதறும். அவற்றின் மின்சுமையைக் கூட்டுங்கள்: பூஜ்யம் என்றால் மாட்டியது புரோட்டான், மைனஸ் ஒன்று என்றால் நியூட்ரான்.

மாலைவகுப்பு:
வெளியே வரும் வழியில் பையான் அதே கருவில் மோதி மின்சுமை மாறிவிட்டால்?

பழைய_எம்எஸ்சி:
சரியான இடத்தில் பிடித்தீர்கள், தலைவலியே அதுதான். கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். 1990களில் ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தில், லியர் என்ற எதிர்ப்புரோட்டான் வளையத்தில் வேறு வழியும் பார்த்தார்கள்: ஒரு துகளை மட்டும் இழந்து மிச்சம் கலையாமல் நிற்கும் கருக்களின் கதிரியக்கத்தை எண்ணினார்கள். எக்ஸ் கதிர் அளவீடுகளிலிருந்து ஈயத்தின் தோல் சுமார் 0.16 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் என்றால் மீட்டரில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று வந்தது. 2021இல் அமெரிக்காவின் பிரெக்ஸ் குழு எலக்ட்ரானை வைத்தே, ஆனால் நியூட்ரான்களையே அதிகம் உணரும் வலுகுறை விசை வழியாக அளந்து 0.28 என்றது. பிழை வரம்பு 0.07, அதனால் சண்டை இன்னும் ஓயவில்லை.

கரு_கிறுக்கன்:
இப்போது செர்னில், எதிர்ப்புரோட்டானை வைத்துக் குறை ஆயுள் கருக்களின் ஓரத்தைப் பார்க்க, பூமா என்று ஒரு திட்டம் இருக்கிறது. அந்தக் கருக்கள் ஐசோல்டே என்ற கூடத்தில் கிடைக்கும், எதிர்ப்புரோட்டான்கள் எலெனா என்ற வளையத்தில். இரண்டும் ஒரே வளாகம்தான், ஆனால் வேறு வேறு கட்டடம். அதனால் நூறு கோடி எதிர்ப்புரோட்டான்களைக் காந்தப்பொறியில் அடைத்து லாரியில் கொண்டுபோவதாகத் திட்டம். வேடிக்கை இல்லை, 2024 அக்டோபரில் செர்னின் பேஸ் என்ற இன்னொரு ஆய்வுக் குழு 70 புரோட்டான்களை அங்கே லாரியில் ஏற்றி ஒத்திகையே பார்த்துவிட்டது.

மாலைவகுப்பு:
அந்த நூறு கோடி லாரி கவிழ்ந்தால்?

கரு_கிறுக்கன்:
மொத்தமும் அழிந்தாலும் 0.3 ஜூல். சின்ன எலுமிச்சம்பழத்தைத் தரையிலிருந்து மேசைக்குத் தூக்கி வைப்பதற்கு ஆகும் ஆற்றல். லாரி மேலே விழுந்தால்தான் ஆபத்து.